அட்டை இல்லாத வீட்டுக்கு எந்த வழியில் போவது?

பொங்கலுக்கு முந்தைய வாரம் நியாயவிலைக் கடை விற்பனையாளர் பரிசுத் தொகுப்புக்கான டோக்கன்களை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரையில் பதினோரு இருளர் குடிசைகள் இருக்கின்றன. ஏழு குடிசைகளில் நின்று டோக்கன் கொடுத்தார். நான்கைத் தாண்டிப் போனார். அவர்மீது குற்றமில்லை. அவர் கையிலிருந்த பட்டியலில் அந்த நான்கு வீடுகள் இல்லை. அந்த நான்கு வீட்டுக்காரர்களும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கும் பழக்கம் விட்டுப்போய்ச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன.

எங்கள் வட மாவட்டச் சிற்றூரில் ஆறு பேர் சேர்ந்து, குடும்ப அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை வாங்கிக் கொடுக்கும் வேலையைச் செய்து வருகிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒருவர் கணினிப் படிப்பு முடித்த இளைஞர், இருவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவர்கள், ஒருவர் மளிகைக் கடை வைத்திருப்பவர், நான் ஒருவன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளைத்தான் எங்களால் தர முடியும். அந்த இரண்டு நாட்களை எதில் செலவிடுவது என்று இந்த ஆண்டு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கைப்பேசியில் விண்ணப்பிக்கக் கற்றுக்கொடுப்பதா, இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போவதா, வட்ட வழங்கல் அலுவலகத்தின் குறைதீர் முகாமை நம்புவதா, குடிசைக்கே போய் உட்கார்ந்து கடைசிவரை கூடவே நடப்பதா? இதே கேள்வி வேறு ஊர்களில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கும் இருக்கும் என்பதால், நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் ரேஷன் அட்டைக்கு யார் தகுதியானவர் என்பதே பெரிய சிக்கல். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிராமப்புற மக்களில் 75 சதவீதத்தினரையும் நகர்ப்புற மக்களில் 50 சதவீதத்தினரையும் உச்சவரம்பாக வைத்தது. அந்த எண்ணிக்கையும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நிலைத்துவிட்டதால், பிறகு பிறந்தவர்களுக்கும் பிழைப்பு தேடிப் போனவர்களுக்கும் இடம் கிடைப்பது கடினம். தமிழ்நாட்டில் நிலைமை அப்படியில்லை. இங்கே அனைவருக்குமான பொது விநியோகம் தொடர்கிறது. 2016 நவம்பரில் அந்தச் சட்டத்தில் சேர்ந்த பிறகும் மாநிலம் தன் முறையைக் கைவிடவில்லை. இந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும், தனியாகச் சமைத்துச் சாப்பிடும் குடும்பமாக இருக்க வேண்டும், வேறு எந்த அட்டையிலும் பெயர் இருக்கக் கூடாது. ஏறக்குறைய இவ்வளவுதான் நிபந்தனை. 2 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

ஆகவே இங்கே அட்டை இல்லாமல் இருக்கிற ஏழைக் குடும்பம் தகுதியில்லாததால் வெளியே நிற்கவில்லை. விண்ணப்பத்துக்கும் அட்டைக்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நின்றுபோயிருக்கிறது. அது எந்த இடம் என்று கண்டுபிடித்தால்தான் எந்த வழி உதவும் என்று சொல்ல முடியும். அந்த நான்கு குடிசைகளை வைத்தே நாங்கள் சோதித்துப் பார்த்தோம்.

முதல் வீட்டில் இளம் தம்பதி. திருமணமாகி மூன்று ஆண்டுகள். மனைவியின் பெயர் இன்னும் வேறு வட்டத்தில் இருக்கும் அவளுடைய தந்தையின் அட்டையில் இருக்கிறது. இரண்டாவது வீட்டில் கணவன் விட்டுவிட்டுப் போன பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும். அட்டை கணவனிடம் இருக்கிறது, மூவரின் பெயரும் அதில் இருக்கிறது, அவன் வேறு ஊரில் இருக்கிறான். மூன்றாவது வீட்டில் ஒரு முதியவரும் பேரனும். பேரனுக்கு ஆதார் இல்லை. குடிசை ஏரிப் புறம்போக்கில் இருப்பதால் பட்டா இல்லை, வீட்டுவரி ரசீது இல்லை, மின் இணைப்பும் இல்லை. நான்காவது வீடு செங்கல் சூளைக்குப் போய்வரும் குடும்பம். இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் தள்ளுபடி.

அட்டை என்றால் அரிசி மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சந்தையில் அதே பருப்பு நூறு ரூபாய்க்கு மேல். பருப்பு வாங்க முடியாத வீட்டில் குழந்தைகள் ரசத்தை மட்டும் ஊற்றிச் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன். 2021இல் கொரோனா நிவாரணம் 4,000 ரூபாய் அட்டைக்குத்தான் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு 6,000 ரூபாய் கொடுத்தபோது அட்டை வைத்திருந்தவர்களுக்கு டோக்கன் வீடு தேடி வந்தது, இல்லாதவர்கள் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய்க்கும் அட்டைதான் அடிப்படை. ஓர் அட்டை இல்லாமல் போனால் ஒரு குடும்பம் எத்தனை கதவுகளுக்கு வெளியே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

கைப்பேசி வழி

எங்கள் குழுவின் இளைஞர் இதைத்தான் முதலில் முன்வைத்தார். பொது விநியோகத் துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் இலவசமாக விண்ணப்பிக்கலாம். குடும்பத் தலைவரின் புகைப்படம், எல்லோருடைய ஆதார் எண், முகவரிக்கு ஒரு சான்று, ஒரு கைப்பேசி எண் இருந்தால் போதும். விண்ணப்ப எண் கிடைத்துவிட்டால் அது எந்த நிலையில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மாதம் ஒரு வகுப்பு நடத்தி இருபது பேருக்குக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் இருநூறு பேருக்கு உதவுவார்கள் என்றார்.

நல்ல யோசனைதான். எங்கள் கடைத்தெருவில் புதிதாகத் தனிக்குடித்தனம் போன ஒரு தம்பதி பத்து நிமிடத்தில் விண்ணப்பித்து, எந்த அலுவலகத்தையும் மிதிக்காமல் அட்டை பெற்றார்கள். அவர்களிடம் எரிவாயு இணைப்பு இருந்தது, வாடகை ஒப்பந்தம் இருந்தது, இருவருடைய பெயரையும் பெற்றோர் அட்டைகளிலிருந்து முன்பே நீக்கியிருந்தார்கள். அவர்களுக்கு எங்கள் வகுப்பு தேவைப்படவே இல்லை.

ஏரிக்கரையில் இந்த வழி ஒரு வீட்டுக்கும் உதவாது. அங்கே ஒரு கைப்பேசியை மூன்று வீடுகள் பயன்படுத்துகின்றன. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் மாறிவிடுகிறது. தகவல் அனுப்பினால் யாருக்குப் போகிறது என்றே தெரியாது. அதைவிட முக்கியமான தடை வேறு. வேறு அட்டையில் இருக்கும் ஆதார் எண்ணை இணையதளம் ஏற்காது. முதல் இரண்டு வீடுகளும் அந்தப் படியிலேயே நின்றுவிடும். எவ்வளவு எளிய படிவமாக இருந்தாலும், கணவனிடம் இருக்கும் அட்டையிலிருந்து ஒரு பெண்ணின் பெயரை அந்தப் படிவம் எடுத்துத் தராது. வகுப்பைக் கைவிடலாம் என்று இளைஞரே ஒப்புக்கொண்டார்.

இ-சேவை மையம்

அருகில் கூட்டுறவுச் சங்கத்திலும் தனியார் நடத்தும் கடையிலும் இ-சேவை மையங்கள் இருக்கின்றன. சிறு கட்டணத்துக்கு அவர்களே படிவத்தை நிரப்பி, ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றிக் கொடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இது பெரிய ஆறுதல். முகம் பார்த்துப் பேச ஓர் ஆள் இருக்கிறார் என்பதே பாதி பயத்தைப் போக்கிவிடுகிறது. இருப்பிடச் சான்று போன்ற வருவாய்த் துறைச் சான்றுகளுக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம் என்பது இன்னொரு வசதி.

ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர் விண்ணப்பத்தை ஏற்றுவதோடு தன் வேலை முடிந்தது என்று நினைப்பவர். அது அவர் தவறல்ல, அவருக்கு அவ்வளவுதான் ஊதியம். நாங்கள் இரண்டு வகைப் பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஒன்று, விண்ணப்பதாரரின் கைப்பேசி எண்ணுக்குப் பதில் கடைக்காரரின் எண்ணைப் பதிவது. பிறகு வரும் தகவல் எதுவும் குடும்பத்துக்குப் போய்ச் சேராது. இன்னொன்று, அட்டை வகையைக் கேட்காமல் தேர்ந்தெடுப்பது. அரிசி அட்டை, சர்க்கரை அட்டை, பொருளில்லா அட்டை என்று வகைகள் உண்டு. சூளையில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்குச் சர்க்கரை அட்டை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்த அட்டைக்கு அரிசி கிடையாது. 2020 டிசம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்புக் கொடுத்தது. அடுத்த வாய்ப்பு வரும் என்று எண்ணிப் பசித்த குடும்பம் காத்திருக்க முடியாது. யாராவது ஒருவர் அருகில் நின்று, கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லியிருந்தால் அந்தப் பிழை நடந்திருக்காது.

இந்த இடத்தில் கடல் கடந்த ஓர் ஆய்வைச் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உணவு உதவித் திட்டத்துக்குத் தகுதியிருந்தும் சேராமல் இருந்த, 60 வயதைக் கடந்த சுமார் 30,000 பேரை 2016இல் மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். எதுவும் செய்யாமல் விட்ட பிரிவில் ஒன்பது மாதங்களில் 6 சதவீதத்தினர் சேர்ந்தார்கள். உங்களுக்குத் தகுதி இருக்கிறது என்று கடிதம் மட்டும் அனுப்பிய பிரிவில் 11 சதவீதத்தினர். கடிதத்தோடு, தொலைபேசியில் அழைத்தால் படிவத்தை நிரப்பி ஆவணங்களைச் சேர்த்துத் தரவும் ஆள் வைத்த பிரிவில் 18 சதவீதத்தினர். கூட நிற்கும் கை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு இது சான்று. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. இந்த உதவியால் புதிதாகச் சேர்ந்தவர்கள், தாமாகவே சேர்ந்தவர்களைவிடச் சற்று நல்ல நிலையில் இருந்தவர்கள். ‘அழைத்தால் உதவுகிறோம்’ என்ற ஏற்பாட்டில் அழைக்கும் தெம்பு உள்ளவர்களே அழைக்கிறார்கள். மையத்துக்கு அழைத்துப் போகும் எங்கள் பழைய பழக்கத்திலும் இதுதான் நடந்திருக்கிறது. வந்தவர்களுக்கெல்லாம் அட்டை கிடைத்தது. ஏரிக்கரையிலிருந்து யாரும் வரவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை

ஒவ்வொரு மாதமும் இரண்டாம் சனிக்கிழமை ஒவ்வொரு வட்டத்திலும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாம் நடக்கிறது. சென்னையில் மண்டல வாரியாக நடக்கிறது. பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம், புதிய அட்டை, கைப்பேசி எண் மாற்றம் எல்லாவற்றுக்கும் அங்கே மனுக் கொடுக்கலாம். மற்ற வழிகளில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள அலுவலர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நடந்ததைச் சொல்லலாம். அவரும் கேள்வி கேட்கலாம்.

முதல் வீட்டின் சிக்கல் இங்கே எளிதில் தீர்ந்துவிடும். தந்தை இருக்கும் வட்டத்தின் முகாமில் திருமணத்துக்கான சான்றைக் காட்டிப் பெயர் நீக்கிவிட்டால் வழி திறந்துவிடும். பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு, அவ்வளவுதான். தந்தையையும் கூட அழைத்துப் போனால் ஒரே நாளில் வேலை முடியும்.

இரண்டாவது வீட்டுக்கும் முகாமை விட்டால் வேறு வழியில்லை. கணவன் ஒப்புதல் தருவதில்லை. விவாகரத்து ஆணை கொண்டுவா என்றால் அந்தப் பெண் எந்த நீதிமன்றத்துக்குப் போவாள்? அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சான்று, கிராம நிர்வாக அலுவலரின் விசாரணை அறிக்கை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அலுவலரின் முகத்துக்கு நேரே பேசினால்தான் அசைவு ஏற்படும். இந்தப் பெண் தனியாகப் போனபோது, கணவனை அழைத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் மகளிர் குழுத் தோழிகள் இருவரும் உடன் போனபோது அதே மனுவை வாங்கி விசாரணைக்கு அனுப்பினார்கள். சட்டம் மாறவில்லை, எதிரில் நின்றவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு பெண் தனியாகப் போய் நின்றாலும் அவளுடைய சொல் போதுமானதாக இருக்க வேண்டும்.

பெரிய முகாம்களையும் எண்ணிப் பார்த்தோம். 2023இல் உரிமைத்தொகைக்கு 1 கோடியே 63 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அந்த அளவு சாத்தியமானதற்கு ஒரே காரணம், படிவமும் டோக்கனும் ரேஷன் கடை வழியே வீட்டுக்கே போனதுதான். எந்த நாளில் எந்த நேரத்துக்கு வர வேண்டும் என்று டோக்கனில் எழுதியிருந்தது. முகாமில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து படிவத்தைக் கணினியில் ஏற்றினார்கள். விண்ணப்பத்தை எளிதாக்குவது எப்படி என்று அரசுக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அது அழகாகவே செய்து காட்டியது. அட்டை உள்ள குடும்பங்களுக்குச் செய்தது. அட்டை இல்லாத குடும்பத்தின் வாசலுக்கு யார் டோக்கன் கொண்டுபோவார்கள் என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. உரிமைத்தொகைக்கான பயனாளிகளைத் தேர்ந்தெடுக்கும் பணி நடந்த காலத்தில் புதிய அட்டை வழங்குவதும் பல மாதங்கள் நின்றிருந்தது.

2025 ஜூலையில் தொடங்கிப் பத்தாயிரம் இடங்களுக்குத் திட்டமிடப்பட்ட ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்களுக்கும் சிலரை அழைத்துப் போனோம். பல துறைகள் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் ஆதார் திருத்தமும் வருவாய்ச் சான்றும் ஒரே நாளில் கேட்க முடிந்தது. ஆனால் கூட்டம் மிகுதி. சிக்கலான மனுவைப் பொறுமையாகக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. எளிய மனுக்களுக்கு அது நல்ல இடம், எங்கள் நான்கு வீடுகளுக்கு அல்ல.

கட்டணமில்லா எண் 1967 பற்றி ஒரு வரி. விண்ணப்பத்தின் நிலையைக் கேட்கவும், அரிசி மறுக்கப்பட்டால் புகார் சொல்லவும் அது பயன்படுகிறது. புதிதாக அட்டை வாங்க அதை நம்பிப் பயனில்லை.

குடிசைக்கே போவது

நான்காவது வீட்டுக்காக நாங்கள் அலைந்த கதையால்தான் இந்த முடிவுக்கே வந்தோம். அந்தக் குடும்பம் தை பிறந்ததும் சூளைக்குப் போகும். ஆடி வாக்கில்தான் திரும்பும். இரண்டு முறையும் பொங்கலையொட்டி விண்ணப்பித்திருக்கிறார்கள், டோக்கன் கிடைக்காத வருத்தத்தில். விண்ணப்பம் போய், கள ஆய்வுக்கு ஆள் வரும்போது குடிசை பூட்டிக் கிடந்தது. ‘முகவரியில் வசிக்கவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். ஆய்வுக்கு வந்தவர் பொய் எழுதவில்லை. அவர் வந்த நாளில் அங்கே யாரும் இல்லை. அடுப்பு எரிகிறதா, தனியாகச் சமைக்கிறார்களா என்று பார்ப்பது அவருடைய கடமை. பூட்டிய கதவில் அவர் எதைப் பார்ப்பார்?

கள ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உரிமைத்தொகை வந்த பிறகு ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு அட்டை கேட்பவர்கள் பெருகினார்கள் என்பது எங்கள் ஊரிலேயே தெரிந்த விஷயம். அலுவலர்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்திருந்தால், சூளையிலிருந்து ஒருவர் பேருந்து ஏறி வந்திருப்பார். லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் உணவு உதவிக்கு விண்ணப்பித்தவர்களை நேர்காணலுக்கு அலுவலகம் அழைக்கும் நேரத்தில்தான் பேச வேண்டும் என்றிருந்ததை மாற்றி, விண்ணப்பித்தவரே தனக்கு வசதியான நேரத்தில் அழைத்து நேர்காணலை முடித்துக்கொள்ளலாம் என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒப்புதல் பெற்றவர்களின் விகிதம் 6 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. தகுதி விதி எதுவும் மாறவில்லை. சந்திக்கும் நேரத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். எங்கள் சூளைக் குடும்பத்துக்கு நடந்தது வேறு நாட்டில் வேறு வடிவத்தில் நடந்த அதே இழப்பு.

குடிசைக்குப் போய் உட்கார்ந்தால்தான் இதெல்லாம் தெரியவருகிறது. தள்ளுபடிக்கான காரணம் இணையதளத்தில் ஒற்றை வரியில் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை மண் தரையில் உட்கார்ந்து பேசினால்தான் புரியும். மூன்றாவது வீட்டுப் பேரனுக்கு ஆதார் ஏன் எடுக்கவில்லை என்று மூன்று முறை கேட்டும் முதியவர் பதில் சொல்லவில்லை. நான்காவது முறை போனபோது, பையன் சூளையில் பிறந்தவன், பிறப்புப் பதிவு செய்யவில்லை என்று சொன்னார். ஆக அந்த வீட்டுக்குத் தேவை ரேஷன் விண்ணப்பமே இல்லை. முதலில் தாமதப் பிறப்புப் பதிவு, பிறகு ஆதார், பிறகு இருப்பிடச் சான்று, அதன் பிறகுதான் அட்டை. நான்கு அலுவலகங்கள். தொல்குடியினருக்காக 2023 நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய ‘பிஎம் ஜன்மன்’ திட்டத்தில் இருளர் குடியிருப்புகளுக்கே ஆதார் முகாம் வருவதற்கு வழி உண்டு. அதைக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும் என்பதுகூட அந்த முதியவருக்கு யாரும் சொல்லாத செய்தி.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. மெதுவானது. ஒரு வீட்டுக்கு ஆறு மாதம், சில சமயம் அதற்கும் மேல். எங்கள் மளிகைக் கடை நண்பர் இதைக் கடுமையாகவே எதிர்த்தார். இ-சேவை மைய வாசலில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தால் முப்பது பேருக்கு உதவலாம், அதை விட்டுவிட்டு நான்கு வீட்டுக்காக ஓர் ஆண்டு அலைவது நியாயமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த முப்பது பேரில் பெரும்பாலோர் நாங்கள் இல்லாவிட்டாலும் அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ அட்டை வாங்கிவிடுவார்கள். ஏரிக்கரை வீடுகளுக்கு நாங்கள் போகாவிட்டால் அடுத்த பொங்கலுக்கும் விற்பனையாளர் தாண்டித்தான் போவார். யாருக்கு நாம் உதவாவிட்டால் ஒன்றுமே நடக்காதோ, அங்கேதான் எங்கள் இரண்டு சனிக்கிழமைகள் போக வேண்டும் என்று நான் வாதாடினேன்.

எங்கள் முடிவு

முடிவில் நாங்கள் எடுத்தது கலப்பான வழி. முதல் சனிக்கிழமை குடியிருப்புக்குப் போவது. அட்டை இல்லாத வீடு எது, எந்தப் படியில் நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, காகிதங்களைத் தயார் செய்வது. இரண்டாம் சனிக்கிழமை அந்தக் காகிதங்களோடும் அந்த மனிதர்களோடும் குறைதீர் முகாமுக்குப் போவது, ஒருவருக்கு ஒருவராகக் கூட நிற்பது. படிவம் ஏற்றும் வேலைக்கு மட்டும் இ-சேவை மையம். அங்கேயும் எங்கள் இளைஞர் பக்கத்தில் நின்று அட்டை வகையையும் கைப்பேசி எண்ணையும் சரிபார்த்த பிறகே சமர்ப்பிப்பது. சொந்தக் கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, குடியிருப்பில் நிலையாக இருக்கும் நெருங்கிய உறவினர் ஒருவரின் எண்ணைக் கொடுப்பது. எங்கள் எண்ணைக் கொடுக்க மாட்டோம். நாங்கள் இல்லாமல் போனாலும் தகவல் அவர்களைச் சேர வேண்டும்.

காலத்தையும் மாற்றினோம். சூளைக் குடும்பங்களுக்கான விண்ணப்பங்களை ஆவணி, புரட்டாசியில் போடுகிறோம். கள ஆய்வு ஐப்பசி, கார்த்திகைக்குள் வந்துவிட்டால் வீட்டில் ஆள் இருப்பார்கள், அடுப்பும் எரியும். இவ்வளவு எளிய ஒன்றை யோசிக்க எங்களுக்கே இரண்டு தள்ளுபடிகள் தேவைப்பட்டன. அட்டை கையில் வந்துவிட்டால் பிறகு சூளைக்குப் போனாலும் கவலையில்லை. 2020 அக்டோபரில் ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ முறை வந்த பிறகு மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கலாம்.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் மூன்று கோரிக்கைகளை எழுத்தில் கொடுத்திருக்கிறோம். கள ஆய்வுக்கு வருவதற்கு முந்தைய நாள் அழைப்போ குறுஞ்செய்தியோ வேண்டும், வீடு பூட்டியிருந்தால் தள்ளுபடி செய்வதற்கு முன் இன்னொரு முறை வர வேண்டும். கணவனைப் பிரிந்து வாழும் பெண்ணின் மனுவை உள்ளூர் விசாரணையின் அடிப்படையில் முடிக்க வேண்டும். தள்ளுபடி செய்தால் என்ன குறை, எதைக் கொண்டுவந்தால் சரியாகும் என்று புரியும் தமிழில் எழுத வேண்டும். இவற்றுக்குப் புதிய நிதியோ புதிய சட்டமோ தேவையில்லை. 2025 ஆகஸ்ட்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கி, முதியோரின் வீட்டுக்கும் மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கும் ரேஷன் பொருட்களை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அரிசி மூட்டை அந்த வாசல்வரை போகும்போது, ஒரு படிவமும் அதே வண்டியில் போகலாம். அட்டை இல்லாத பக்கத்து வீட்டில் விற்பனையாளர் ஒரு நிமிடம் நின்று பெயரை எழுதிக்கொண்டு வரலாம். எந்த வீட்டில் அட்டை இல்லை என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏரிக்கரையில் முதல் வீட்டுக்கு ஆனி மாதம் அட்டை வந்துவிட்டது. இரண்டாவது வீட்டுப் பெண்ணுக்கு விசாரணை முடிந்து பெயர் நீக்கலுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது, புதிய விண்ணப்பம் ஏற்றியாகிவிட்டது. மூன்றாவது வீட்டுப் பையனின் பிறப்புப் பதிவு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. சூளைக் குடும்பம் போன வாரம் திரும்பி வந்தது. வரும் இரண்டாம் சனிக்கிழமை அவர்களுடைய மூன்றாவது விண்ணப்பம். தலைவர் பெயராக இந்த முறை மனைவியின் பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். புகைப்படம் எடுக்க அவர் தன் தங்கையிடம் ஒரு புடவை இரவல் கேட்டிருக்கிறார்.